கேரளா காய்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

கம்பம் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருடம் ஆகிறது. வெண்டை போட்டிருக்கிறோம். சாயங்காலம் மருந்தடித்து, விடியக்காலை பறித்து, கேரளாவுக்குப் போகும் குமுளி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால், "ஊரே அப்படித்தான் செய்யுது" என்கிறார் அத்தை. வீட்டுக்கு மட்டும் கிணற்றடியில் மருந்தில்லாத பாத்தி! வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவருக்கு இதில் மனசாட்சி எங்கே போனது? 'படிச்ச மருமக' என்று நாத்தனார் முன்னால் குத்துகிறார். வீட்டுக்காரரும் அம்மா பக்கம். ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அப்பா வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது. போன வாரம் என் ஆறு வயதுப் பையன் கூடையிலிருந்து பிஞ்சு வெண்டையை எடுத்துக் கடிக்கப் போனான். தட்டிவிட்டேன். ஏன் என்றான். 'அது கேரளா காய்டா' என்றேன். அதை விடுங்கள். எட்டு வருடமாகச் சொல்லியும் கேட்காத அத்தையை எப்படித் திருத்துவது?

— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விடச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கையைத் தட்டியபோது உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 'மருந்தடித்த காய்' என்றிருந்தால், 'அப்போ இதை யார் சாப்பிடுவா?' என்று பையன் கேட்டிருப்பான். 'கேரளா காய்' என்றதும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கூசுகிற காரியத்துக்குக் கூசாத பெயர் வைப்பதை ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் அந்தப் பெயரைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தை இல்லை.

அத்தைக்கு மனசாட்சி இருக்கிறது. கிணற்றடிப் பாத்தியே சாட்சி. அது மலையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் மருந்து டேங்குக்கு என்ன வேலை? அந்த ஒப்பீடு வேண்டாம்.

1960களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அடுத்தவருக்கு ஷாக் கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ஷாக் போலி, அது அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு முறை, கூட உட்கார்ந்திருந்த இருவர் 'இனி மாட்டோம்' என்று விலகினார்கள். அப்போது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். விலகியவர்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. நீங்கள் எட்டு வருடமாகச் செய்வது உபதேசம்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். மருந்து டப்பாவோடு வரும் தாளில், அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று போட்டிருக்கும் காத்திருப்பு நாள் அதற்கு மேல் என்றால் ஒரு பறிப்பாவது நஷ்டம். வீட்டில் பயம் அதுதான். அதைப் பேசாமல் மனசாட்சியைப் பேசினால் 'படிச்ச மருமக'தான் மிஞ்சும். நாலு பாத்தி மட்டும் கேளுங்கள், கணவரிடம், தனியாக. அதில் பறித்த பிறகே மருந்து. காத்திருப்பு நாள் குறைந்ததாகக் கடையில் கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டினால் அடிக்கும் தடவையும் குறையலாம்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே பையனிடம் அது மருந்தடித்த காய் என்று சொல்லிவிடுங்கள். அவன் அடுத்த கேள்வியைக் கேட்பான்.