மாரத்தானில் உதவப் போக வயது தடையா?

கேள்வி: எனக்கு 52 வயது, குரோம்பேட்டையில் இருக்கிறேன். சென்னை மாரத்தானில் தன்னார்வலராக உதவ ஆசை. ஆனால் விடியற்காலை 3 மணிக்கே வரச் சொல்வார்களாம், எனக்கோ முழங்கால் வலி. கல்லூரிப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. வயது ஒரு தடையே இல்லை. கல்லூரியில் கேட்டால் மொத்தமாக ஆள் கிடைத்துவிடும் என்பதால்தான் மாணவர்கள் அதிகம் தெரிகிறார்கள். தனி ஆளைத் தேடி யாரும் வருவதில்லை, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். இந்த மாரத்தானை நடத்தும் சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பல பகுதிகளில் கிளைக் குழுக்கள் உண்டு. உங்கள் பக்கத்தில் ஓடுகிற யாரிடமாவது பேசுங்கள்.

நேரம்தான் உண்மையான சிக்கல். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று முழு மாரத்தானை அதிகாலை 4 மணிக்குத் தொடங்குகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அன்று மட்டும் மெட்ரோ 3 மணிக்கே ஓடியிருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க, விமான நிலைய மெட்ரோ நிலையம் வரை நீங்கள் வந்து சேர வேண்டும். சாலையை அடைத்த பிறகு ஆட்டோவும் உள்ளே வராது.

அதனால் முந்தைய நாள்களின் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டக்காரர்கள் பிப் எண்ணும் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) டி-சர்ட்டும் வாங்க வருவார்கள். பகல் வேலை; மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டையைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். முதல்முறை ஓடப்போகிறவர்கள் பதற்றத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நிதானமாகப் பதில் சொல்ல உங்கள் வயதுக்காரர்கள்தான் பொருத்தம்.

தன்னார்வலர் படிவத்தில் ‘எந்த வேலையும் சரி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆள் குறைகிற இடத்துக்கு, அநேகமாகத் தண்ணீர் மேசைக்கு, அனுப்பிவிடுவார்கள். ஈரத் தரையில் மணிக்கணக்கில் நின்று கேன் தூக்குவது உங்கள் முழங்காலுக்கு ஆகாது. உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

அப்புறம், பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தடை ஒன்று உண்டு: கழிப்பறை. பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மயக்கத்தில்தான் கொண்டுபோய்விடும். ‘எனக்குக் கொடுக்கும் இடத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம், நான் போய்வரும் நேரத்தில் என் இடத்தில் யார் நிற்பார்கள்’ என்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

போக்குவரத்துச் செலவைத் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே தன்னார்வலர்களுக்குப் பயணச் செலவாக நாளுக்கு 1,000 யென்தான் தந்தார்கள், தங்குமிடம் அவரவர் பொறுப்பு.

மாரத்தான் ஜனவரியில் வரும். தீபாவளி முடிந்த கையோடு பேசத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மிச்சமிருப்பது விடியற்காலை வேலைதான்.