அரசரின் அரங்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் யூடியூபில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'முகமூடி நடன விருந்து' என்ற ஓபராவை, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகத்தை, பார்த்தேன். கதை பாஸ்டனில் நடக்கிறது, கொல்லப்படுபவர் அந்த ஊர் கவர்னர். ஆனால் அது ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் கதை என்று கீழே போட்டிருந்தார்கள். தேடிப் படித்தேன். நோபல் இலக்கியப் பரிசைத் தீர்மானிக்கும் அகாதமி, ஸ்டாக்ஹோம் ஓபரா, நாடக அரங்கம் எல்லாமே அவர் தொடங்கியவையாம். அதே மனிதர்தான் பிரதிநிதிகள் சபையை ஒடுக்கி முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். கட்சிச் சண்டையில் கிடந்த ஒரு நாட்டில் கலை வளர இப்படி ஒருவர் தேவைப்பட்டாரோ? அப்புறம், ஸ்வீடன் கதை ஏன் பாஸ்டனுக்குப் போனது?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருடங்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். இடது கையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் குஸ்தாவ் அதிகாரத்தைப் பிடித்தது 1772 ஆகஸ்ட் 19. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை ஸ்வீடன்காரர்கள் 'சுதந்திர காலம்' என்பார்கள். அரசர் பெயருக்கு இருந்தார். பிரபுக்கள், மதகுருக்கள், நகரத்தார், குடியானவர்கள் என்று நான்கு பிரிவுகள் கொண்ட சபைதான் ஆண்டது. 'தொப்பி', 'குல்லாய்' என்று இரண்டு கட்சிகள், பெயரே அதுதான். தொப்பிக்கு பிரான்ஸ் பணம் தர, குல்லாய்க்கு ரஷ்யா தந்தது. சண்டை, ஊழல் எல்லாம் நீங்கள் படித்தபடியேதான்.

ஆனால் லின்னேயஸ் செடிகொடிகளுக்கு இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைத்ததும், செல்சியஸ் தன் வெப்ப அளவுகோலைக் கொண்டுவந்ததும் அந்தச் சண்டைக்கு நடுவில்தான். 1766இல் பத்திரிகைச் சுதந்திரத்தை அடிப்படைச் சட்டமாகவே ஆக்கினார்கள். அரசாங்கக் காகிதங்களைக் குடிமக்கள் கேட்டு வாங்கி அச்சிடலாம் என்றது அந்தச் சட்டம். உலகிலேயே அதுதான் முதல். அதே வருடம் குஸ்தாவின் தாய் லோவிசா உல்ரிகா ட்ரொட்னிங்ஹோல்ம் அரண்மனையில் நாடக அரங்கு கட்டினார். அந்தக் காலத்தின் பெரிய கவிஞர் பெல்மன், நொடித்துப்போன ஒரு கடிகாரக்காரரின் குரலில் சாராயக்கடைப் பாடல்களை எழுத ஆரம்பித்தது 1770 வாக்கில். மன்னர் வருவதற்கு முன்பே வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சரி, அப்படியானால் குஸ்தாவ் என்ன கொடுத்தார்? சம்பளம், கட்டடம், பட்டம். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஓபரா என்றால் இத்தாலியன் அல்லது பிரெஞ்சு என்றிருந்த காலத்தில், ஆட்சியைப் பிடித்து ஐந்தே மாதத்தில், 1773 ஜனவரியில், ஸ்வீடிஷ் மொழியில் ஓபரா போட்டார். கடிதங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சில் எழுதிய மனிதர் இவர். நாடகக் கதையை உரைநடையில் தானே எழுதி செல்கிரென் என்ற கவிஞரிடம் கொடுப்பார், அவர் பாட்டாக்குவார். 1786இல் பதினெட்டுப் பேரை வைத்து அகாதமி தொடங்கியதும் முதல் கட்டுரைப் போட்டி நடந்தது. பெயர் போடாமல் வந்த ஒரு கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. எழுதியவர் மன்னர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கு உண்மையிலேயே எழுத்தாளர் ஆசை இருந்திருக்கிறது, பாவம்.

தாய் கட்டிய அந்த ட்ரொட்னிங்ஹோல்ம் அரங்கை வீடியோவில் தேடிப் பாருங்கள். தூண்களில் பளிங்கு என்று தெரிவது பெயிண்ட். கூரைக்கு மேலே கல் நிரப்பிய மரப்பெட்டியை ஆட்டினால் இடி. முறுக்கிய உருளைகளைக் கையால் சுற்றினால் கடல் அலை. மேடைக்கு அடியில் நாலைந்து பேர் சக்கரத்தைத் தள்ளினால், நம் கண்முன்னே காடு மறைந்து அரண்மனை வருகிறது. குஸ்தாவ் அரண்மனை நாடகங்களில் நடித்தும் இருக்கிறார். ஆட்சியையும் இப்படித்தான் நடத்தினார் என்று எனக்குத் தோன்றும்.

1788இல் அவருக்கு ரஷ்யாவுடன் போர் வேண்டியிருந்தது. சபையைக் கேட்காமல் அவராகப் போர் தொடுக்க முடியாது. எதிரி முதலில் அடித்தால் தடையில்லை. பின்லாந்து எல்லையில் பூமலா என்ற இடத்தில் 'ரஷ்யர்கள்' சுட்டார்கள். ரஷ்ய உடுப்பு மாட்டிய ஸ்வீடன் ஆட்கள் அவர்கள். உடுப்புகளைத் தைத்துக் கொடுத்தது ஓபராவின் தையற்கூடம் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அரசரின் கலைப்பற்று எங்கே முடிந்து அதிகாரம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், நான் அந்தத் தையற்காரரின் கையிலிருந்த ஊசியைத்தான் காட்டுவேன்.

பத்திரிகைச் சட்டத்தை 1774லேயே திருத்திச் சுருக்கிவிட்டார். 1789இல் எதிர்த்த பிரபுக்களைக் கைது செய்து, மிச்ச அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். மற்ற மூன்று பிரிவுகளும் அதற்கு ஒப்புக்கொண்டன. காரணம் இல்லாமல் இல்லை: அதே சட்டம்தான் குடியானவர்களுக்குப் பிரபுக்களின் நிலத்தை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. விசாரணையில் சித்திரவதையை ஒழித்ததும் யூதர்கள் குடியேற அனுமதித்ததும் இவர்தான். ஒரே வார்த்தையில் எழுதித் தள்ளிவிட முடியாத ஆள்.

ஆனால் அவர் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். தாய் கட்டிய அரங்கு பூட்டப்பட்டுச் சாமான் போடும் இடமாயிற்று. 1921இல் ஒரு ஆராய்ச்சியாளர் கதவைத் திறந்தபோதுதான் எல்லாம் அப்படியே இருப்பது தெரிந்தது. பெல்மனுக்கு மன்னர் லாட்டரி அலுவலகத்தில் செயலாளர் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். பாதிச் சம்பளத்தை இன்னொருவருக்குக் கொடுத்து வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, மனிதர் பாட்டெழுதினார். மன்னர் இறந்து இரண்டே வருடத்தில் கடனுக்காக அந்தக் கவிஞரைச் சிறையில் போட்டார்கள், அதுவும் அரண்மனையிலேயே இருந்த சிறையில். 1795இல் அகாதமியையே இழுத்து மூடினார்கள், மறு வருடம்தான் திறந்தது. ஒரு ஆளின் பிரியத்தை நம்பி நின்றவை எல்லாம் அவரோடு சேர்ந்து தள்ளாடின. கேட்க ஒரு சபையோ, எழுத ஒரு பத்திரிகையோ தெம்பாக இருந்திருந்தால் பெல்மனுக்காக யாராவது சத்தம் போட்டிருப்பார்கள்.

மரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1792 மார்ச் 16 இரவு, தானே கட்டிய ஓபரா மாளிகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெயரில்லாத எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்துவிட்டும் அங்கே நடந்த முகமூடி நடன விருந்துக்குப் போனார். முகமூடி போட்டிருந்தார், ஆனால் மார்பில் விருது நட்சத்திரம் மின்னியது. யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் சிரமமில்லை. முன்னாள் ராணுவ அதிகாரி அன்கர்ஸ்ட்ரோம் பின்னாலிருந்து சுட்டார். பதின்மூன்று நாள் கழித்து மன்னர் இறந்தார். அந்த உடை இன்றும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாஸ்டனுக்கு வருகிறேன். வெர்டி முதலில் ஸ்வீடன் கதையாகத்தான் எழுத நினைத்தார். ஐரோப்பாவில் ஒரு அரசரை மேடையில் கொல்வதை இத்தாலியத் தணிக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1859இல் ரோமில் அரங்கேறியபோது மன்னர் கடல் தாண்டி கவர்னராகியிருந்தார். இப்போது பல அரங்குகளில் கதையை ஸ்டாக்ஹோமுக்கே திருப்பிக் கொண்டுவந்து நடத்துகிறார்கள், அந்த வீடியோவும் கிடைத்தால் பாருங்கள்.