ஜெயித்த ஓட்டும் செல்லாது

கேள்வி: நாங்கள் 11 பேர் ஓய்வு நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருளை வளர்த்துவருகிறோம். அதன் உரிமத்தை ஜிபிஎல்-இலிருந்து (மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் நிரலைத் திறந்து தர வேண்டும்) எம்ஐடிக்கு (அந்தக் கட்டாயம் இல்லை) மாற்றலாமா என்று வெள்ளி இரவு ஓட்டெடுப்பு தொடங்கி, சனி இரவு முடித்தேன். 6–4 என மாற்றம் ஜெயித்தது. ஒருவர் ஊரில் இல்லை. தோற்றவர்கள் மறு ஓட்டெடுப்பு கேட்கிறார்கள். நடத்தலாமா?

பதில்: வேண்டாம். மறுபடி நடத்தினாலும் செல்லாது.

நிரலின் பதிப்புரிமை அதை எழுதியவருக்கே சொந்தம். எல்லோரும் ஏற்கெனவே ஓர் அமைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தால் வேறு கதை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் பூர்வீக நிலத்தை விற்கப் போனால் வருமே, அதே வில்லங்கம்தான் இங்கும். 10–1 என்று ஜெயித்தாலும் அந்த ஒருவர் எழுதிய வரிகளை நீங்கள் எம்ஐடியில் வெளியிட முடியாது. (எம்ஐடியிலிருந்து ஜிபிஎல்-க்குப் போவதென்றால் இத்தனை தலைவலி இல்லை.) விஎல்சி பிளேயர்காரர்கள் 2011, 2012இல் தங்கள் நிரலின் பெரும்பகுதியை ஜிபிஎல்-இலிருந்து சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல்-க்கு மாற்றியபோது, நிரல் எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள்.

அப்புறம், அந்த ஒரு நாள் கெடு. வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை கணினியைத் திறந்தே ஆக வேண்டுமா என்ன? அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் ஓட்டெடுப்புக்குக் குறைந்தது 72 மணி நேரம் விடுவது வழக்கம். அங்கே ஒரு நிரல் மாற்றத்தை ஒரே ஆள்கூடத் தடுக்கலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், ‘பிடிக்கவில்லை’ போதாது. டெபியன் (லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் தன்னார்வலர் குழு) ஓட்டுச்சீட்டில் ‘மேலுள்ள எதுவும் வேண்டாம்’ என்றும் ஒரு வரி உண்டு. நம் நோட்டா மாதிரி பெயருக்கு இல்லை. அதை முந்தாத யோசனை போட்டியிலிருந்தே விலகிவிடும். ‘இன்னும் பேசலாமே’ என்று நினைத்தவருக்கு உங்கள் ஓட்டெடுப்பில் இடமே இல்லை.

சரி, இன்றே 11 பேருக்கும் எழுதுங்கள்: ஓட்டெடுப்பு கைவிடப்பட்டது. பிறகு கிட் வரலாற்றிலிருந்து (யார் எந்த வரியை எழுதினார் என்ற பதிவு), எப்போதோ விலகிப் போனவர்கள் உட்பட, நிரல் எழுதிய எல்லோரையும் பட்டியலிட்டுச் சம்மதம் கேளுங்கள். மறுப்பவரின் பகுதி சின்னது என்றால், அதை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். மையப் பகுதியே அவருடையது என்றால் ஜிபிஎல்-இலேயே இருங்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடாது. யாருக்கு ஓட்டு, எத்தனை நாள் என்ற விதிகளை இந்த விவகாரம் ஓய்ந்த பிறகு எழுதுங்கள். இப்போது எழுதினால் ஒவ்வொரு வரியும் யாரையோ மட்டம் தட்டப் போட்டதாகவே அவர்களுக்குத் தெரியும்.