கேஸட் அட்டையில் ஒரு பெயர் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டுப் போன வருஷம் ஊரோடு வந்துவிட்டேன். வாப்பா மவுத்தான பிறகுதான் அவருடைய கேஸட் பெட்டிகளைத் திறந்தேன். நானூறுக்குக் கொஞ்சம் மேல் இருந்தன. பாதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். என்னிடமிருந்த சீடிகளையும் சேர்த்தால் ஆறாயிரம் பாட்டு தேறும். பழைய லேப்டாப் ஒன்றில் நேவிட்ரோம் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டில் எல்லோரும் போனில் கேட்கிற மாதிரி செய்திருக்கிறேன். மனைவி சிரிக்கிறாள். மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வருமே, இதற்கு ஏன் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறீர்கள் என்கிறாள். உம்மாவுக்கு 74 வயது. அவர் கேட்பது நாகூர் ஹனிபா பாட்டு மட்டும்தான்.

மூன்று சந்தேகம். எல்லாவற்றையும் ஒலி குறையாத ஃப்ளாக் கோப்பாக வைப்பதா, சுருக்கிய எம்பி3 போதுமா? லேப்டாப்பை வீட்டிலேயே வைப்பதா, வெளியில் சர்வர் வாடகைக்கு எடுப்பதா? கடைசியாக, இதெல்லாம் நேர விரயமா? பாதிக்கு மேல் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றே கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் போட ஆயுள் பத்தாது. காதுக்குக் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு கேஸட்டில் ஏதோ கல்யாண வீட்டில் பெண்கள் சேர்ந்து பாடிய பைத்துப் பாட்டு இருக்கிறது. யாரென்று தெரியவில்லை, ஒரே இரைச்சல். அதை ஏற்றவில்லை.

எஸ்., கீழக்கரை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் ஒரு கேஸட் திறந்து கிடந்தது. டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், பித்தளைத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் போவது அதுதான். தகடு பச்சை பூத்து, பஞ்சு உதிர்ந்துவிடும். இன்னொரு கேஸட்டிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். மேஜையில் திறந்து கிடந்த கேஸட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். மூலப்பிரதியை ஃப்ளாக்கில் வையுங்கள், போனுக்கு எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள். எம்பி3-யிலிருந்து மறுபடி எம்பி3 எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். ஃப்ளாக்கில் எதுவும் போகாது, சுருக்காத கோப்பைவிட இடமும் ஏறக்குறைய பாதி மிச்சம். வாடகை சர்வர் வேண்டாம். ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை மதுரையிலோ திருச்சியிலோ சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் வையுங்கள். ஒரே கரையில் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களுக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. சமையல் நேரத்தில் நாலு பாட்டு ஓடினால் போதும் என்பவர்களுக்கு அந்த நூறு ரூபாய் போதும். அவரிடம் வாதாடாதீர்கள். ஆனால் கடை நம்முடையது இல்லை என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருஷம் விங்க் மியூசிக்கையும் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். நான் பணம் கட்டிக் கேட்ட வேறொரு செயலியில் ஆறு வருஷமாகச் சேர்த்த பட்டியலில் ஒருநாள் காலை பதினேழு பாட்டு சாம்பல் நிறமாகிக் கிடந்தது. தொட்டால் ஓடவில்லை. ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. போகட்டும், அது பழைய கதை.

என் கோபம் வேறு. ‘காதுக்குக் கேட்டால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வாப்பா விட்டுப்போன பெட்டியைத் திறந்து, ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஏற்றுகிற பிள்ளை எழுதுகிற வரியா இது? நேவிட்ரோம் உங்கள் ஃபோல்டர் பெயரைப் பார்த்து அடுக்குவதில்லை. கோப்புக்குள் எழுதியிருக்கும் பெயர்க் குறிப்பை, அதாவது டேக்கைப் பார்த்துத்தான் அடுக்கும். டேக் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ‘பெயர் தெரியாதவர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிடும். உங்கள் வாப்பாவின் முப்பது வருஷத்தை அந்த மூட்டைக்குள் தள்ளியிருக்கிறீர்கள். பாட்டின் ஒலியைக் கைரேகை மாதிரி ஒப்பிட்டுத் தானே பெயர் போடும் மென்பொருள்களும் கை கொடுக்காது. ஏற்கெனவே யாரோ அந்தப் பதிவைப் பட்டியலில் சேர்த்திருந்தால்தான் அவற்றுக்குத் தெரியும். கேஸட்டை ஓட்டும் டெக்கின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் அதுவும் ஒத்துப்போகாது.

எண்பதுகளில் பாம்பனில் என் சித்தப்பா ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். எட்டுக்கு எட்டுக் கடை, இரண்டு டெக். துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அறுபது நிமிஷக் கேஸட்டில் பதிந்து வைத்திருப்பார். பதிவதற்குக் கேட்ட காசில் பாதிக்கு அவர் செய்த வேலை அட்டையில்தான் இருக்கும். படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று நாலு பத்தி. உள்ளங்கை அளவு அட்டையில் பன்னிரண்டு பாட்டுக்கு நாலு பத்தி எழுதுவது லேசான காரியம் இல்லை. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அட்டையை மூக்கருகே வைத்து எழுதுவார். தெரியாத இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து இடம் விடுவார். அந்த இடத்தை நிரப்பாமல் கேஸட்டைக் கொடுக்க அவருக்கு மனசே வராது.

அவருக்கு அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இலங்கை வானொலி. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் திருச்சி நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். காலையில் பொங்கும் பூம்புனல் தொடங்கியதும் சித்தப்பா நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது மாதிரி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு நிறுத்த மாட்டார்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரும் வருவார்கள். பாட்டு தொடங்கும்போது அது யாருடைய உழைப்பு என்று கேட்கிறவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த மரியாதையை அவர்களிடமிருந்துதான் எங்கள் கரை கற்றுக்கொண்டது.

இப்போது உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் யார் பெயர் இருக்கிறது? ‘கலைஞர்’ என்று ஒரே ஓர் இடம். சில நேரம் பாடியவர், சில நேரம் இசையமைப்பாளர், சில நேரம் நடிகர்கூட. எழுதியவரைத் தேட மூன்று இடத்தில் அமுக்க வேண்டும், அப்போதும் இருந்தால் உண்டு. 1996-ல் எம்பி3-க்கு முதன்முதலாக ஐடி3 டேக் செய்தார்கள். கோப்பின் கடைசியில் மொத்தம் 128 பைட். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. பாடலாசிரியருக்கு இடமே கிடையாது. தமிழில் எழுதினால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதாவது பத்தே குறி. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. ‘பட்டுக்கோட்டை’ என்ற ஊர்ப்பெயரே முழுசாக நுழையாது, அப்புறம் எங்கே கல்யாணசுந்தரம்? 29 வயதில் செத்துப்போன மனுஷன். அவர் பெயரை எழுத ஒரு பெட்டியில் இடம் இல்லை என்றால் அந்தப் பெட்டியைச் செய்தவருக்கு அவரைத் தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் 1998-லேயே அடுத்த பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் வந்துவிட்டது. ஃப்ளாக்கில் நீங்களே எத்தனை பத்தி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். இடம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாம் நிரப்பவில்லை. ஹனிபா பாட்டு என்கிறோம். அவர் பிறந்தது நம் இராமநாதபுரத்தில், 1925-ல். அவருக்கு எழுதிக் கொடுத்த கவிஞர்களில் நாலு பேர் பெயரை உம்மாவோ நீங்களோ சொல்வீர்களா? வாப்பாவின் கேஸட் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள், அதில் அச்சடித்திருக்கும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

சரி, என் மேஜையில் கிடந்த கேஸட். சித்தப்பா ஒரு விடிகாலையில் டேப் ரெக்கார்டரை மூட்டை கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக் கரைக்குப் போய், கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைப் பதிந்துகொண்டு வந்தார். முன்பாட்டுக்காரர் ஒரு வரி எடுக்கிறார், இருபது பேர் கயிற்றோடு சேர்ந்து பதில் சொல்கிறார்கள். காற்று மைக்கில் அடிக்கிறது. நடுவில் ஒரு நாய். வலை கனக்கக் கனக்க அவர் வரியைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறார், கடைசியில் சொல்லே இல்லை, மூச்சு மட்டும். இருபத்திரண்டு நிமிஷம்.

அட்டையில் ‘அம்பா, தனுஷ்கோடி’ என்று இருக்கிறது. அவ்வளவுதான். சென்னையில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு எழுதிவிட்டுக் காணாமல்போன கவிஞரின் பெயரைக்கூடத் தேடி எழுதிய மனுஷன், தினமும் கடையில் வந்து பீடி பற்றவைத்த அந்த முன்பாட்டுக்காரரின் பெயரை எழுதவில்லை. அவ்வளவு தெரிந்தவரை யாராவது எழுதிவைப்பார்களா? சித்தப்பாவும் போய்விட்டார். சென்ற மாதம் அந்தப் பதிவைப் போனில் போட்டுக்கொண்டு பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று பேர் அடையாளம் சொன்னார்கள். மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள், மூவரும் சத்தியம் செய்தார்கள். குறிப்பு என்ற பத்தியில் மூன்றையும் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதி என்றும் போட்டு வைத்திருக்கிறேன். பாடியவர் என்ற இடத்தில் சித்தப்பா மாதிரியே புள்ளிகள்.

உங்கள் பைத்துக் கேஸட்டை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். வாப்பா அதில் பெயர் எழுதாததற்குக் காரணம் உங்களுக்குப் புரிகிறதா? பாடியவர்கள் அவருடைய மாமியாகவோ தங்கையாகவோ இருப்பார்கள். எழுத வேண்டும் என்று தோன்றியே இருக்காது. அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டு, எந்தக் கடையிலும் கிடைக்கிற சினிமாப் பாட்டை ஃப்ளாக்கில் ஏற்றுவதா எம்பி3-யில் ஏற்றுவதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்தப் பாட்டை எந்தச் செயலியிலும் போட முடியாது, போடவும் கூடாது. கல்யாண வீட்டுக்குள் பெண்கள் தங்களுக்காகப் பாடியது. உங்கள் வீட்டு லேப்டாப்பில்தான் அது இருக்க வேண்டும். நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா பக்கத்தில் உட்காருங்கள். போனில் வேண்டாம், டெக்கிலேயே சத்தமாகப் போடுங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள். மடியில் ஒரு நோட்டு இருக்கட்டும். உம்மா குறுக்கே பேசினால் நிறுத்தாதீர்கள், பேசட்டும். எந்த இடத்தில் யார் பெயரைச் சொன்னார் என்று நிமிஷத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முதல் பெயர் நோட்டில் ஏறியதும் எனக்கு எழுதுங்கள். லேப்டாப்பை எங்கே வைப்பது என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்