பாங்காக் போக 'கிளியரன்ஸ்' வாங்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சென்னையிலிருந்து பாங்காக் போய் நான்கு இரவு தங்குவதாகத் திட்டம். டிக்கெட்டும் ஹோட்டலும் நாங்களே போட்டுவிட்டோம். எங்களில் ஒருவர் பத்தாவது முடிக்கவில்லை. அவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், 'அவரை ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், நான் கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன், 8,000 ரூபாய் ஆகும். மற்ற ஐந்து பேருக்கும் அரைவல் கார்டுக்குத் தலைக்கு 1,500' என்கிறார். கொடுத்துவிடலாமா? அங்கே போய் ஏமாறாமல் இருக்க என்ன வழி?

பதில்: கொடுக்க வேண்டாம். நானும் இருபது வருடத்துக்கு மேலாக டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன்தான். சக ஏஜென்ட்டின் வயிற்றில் அடிக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அவர் உங்களிடம் விற்கப் பார்க்கும் இரண்டில் ஒன்று இலவசம். இன்னொன்று உங்கள் நண்பருக்குத் தேவையே இல்லாதது.

இலவசத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அரைவல் கார்டு என்று அவர் சொல்வது டி.டி.ஏ.சி., அதாவது தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டு. 2025 மே 1 முதல், தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டினர் எல்லோரும் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய படிவம். முன்பு விமானத்திலேயே ஒரு அட்டை கொடுப்பார்கள், பக்கத்து சீட்டுக்காரரிடம் பேனா கடன் வாங்கி எழுதுவோம்; அதற்குப் பதில் வந்தது இது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். ஒருவரே உட்கார்ந்து ஆறு பேருக்கும் ஒரே குழுவாக நிரப்பிவிடலாம். பாஸ்போர்ட், விமான எண், ஹோட்டல் முகவரி கையில் இருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். இனிஷியலை முன்னே போடும் நம் வழக்கம் அங்கே உதவாது.

இதில் ஒரு பொறி. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம். அரசுத் தளம் மாதிரியே கொடியெல்லாம் போட்டு, கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்பார்கள். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. தாய்லாந்து குடிவரவுத் துறையின் தள முகவரி 'ஜி.ஓ. புள்ளி டி.எச்.' என்று முடியும். டாட் காம் என்று முடிந்தால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி ஈ.சி.ஆர். சென்னைக்காரர்களுக்கு இந்த மூன்று எழுத்தைச் சொன்னால் மகாபலிபுரம் போகும் சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் இருந்தால், குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொருள். அதிகம் படிக்காதவர்கள் வேலைக்காக வெளிநாடு போய்ச் சீரழியக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. எல்லா நாட்டுக்கும் கிடையாது, 18 நாடுகளுக்கு மட்டும். வளைகுடா நாடுகள், மலேசியா, இந்தோனேசியா எல்லாம் அதில் வரும். சிங்கப்பூர் வராது. தாய்லாந்து வரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் ஏஜென்ட்டின் 8,000 ரூபாய் இதில்தான் இருக்கிறது. அந்தச் சோதனை வேலைக்குப் போகிறவர்களுக்கானது. 2007 அக்டோபரிலிருந்து, சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ போகும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரருக்குத் தனியாகக் கிளியரன்ஸ் வேண்டியதில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அந்த நாடு கேட்டால் விசா, திரும்பி வரும் டிக்கெட், அவ்வளவுதான். கிளியரன்ஸ் என்பது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது. வேலைக்கே போகாதவருக்கு எந்த ஒப்பந்தத்தைக் காட்டி வாங்குவார்?

நடப்பது இரண்டில் ஒன்று. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எதுவுமே செய்யமாட்டார். நண்பர் எல்லோரையும் போல விமானம் ஏறுவார். 'பார்த்தீர்களா, உள்ளே ஆள் வைத்துப் பேசிவிட்டேன்' என்று இவர் பெருமையடித்துக்கொள்வார். அல்லது ஏதோ ஒரு தாளில் ஒரு முத்திரை குத்திக் கொடுப்பார். அது இன்னும் மோசம். போலித் தாளை கவுன்ட்டரில் நீட்டுகிறவர் உங்கள் நண்பர். போலீஸ் கேஸும் அவர் பேரில்தான் வரும்.

'நிறுத்திவிடுவார்கள்' என்று அவர் சொன்னது முழுப்பொய்யா என்றால், இல்லை. குடிவரவு அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பயணியை விமானம் ஏறவிடாமல் திருப்பி அனுப்ப முடியும், அனுப்பியும் இருக்கிறார்கள். பாங்காக் விமானத்துக்குக் கூடுதலாகவே கேள்வி கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி, சுற்றுலாப் பயணியாகவே அனுப்பி, எல்லை ஊரான மே சோட் வழியாக எல்லை தாண்டவைத்து மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

ஆனால் பாருங்கள், 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் விட்ட எச்சரிக்கையிலேயே, இந்தக் கும்பல் குறிவைப்பது கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை என்று எழுதியிருந்தது. அதாவது படித்தவர்களை. பி.இ. முடித்தவர் ஈ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டோடு கவுன்ட்டரைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்கிறார். பத்தாவது தேறாத உங்கள் நண்பர், பனியன் கம்பெனியில் உழைத்துச் சம்பாதித்த காசில் ஊர் பார்க்கப் போகிறவர், அவரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். பத்தாவது மார்க் ஷீட் இருந்தால் ஏமாறமாட்டான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ. சரி, அதை நாம் மாற்ற முடியாது. நண்பரைத் தயார் செய்யலாம்.

திரும்பும் டிக்கெட், தன் பெயர் இருக்கும் ஹோட்டல் பதிவு, இரண்டையும் அவரே அச்சடித்துக் கையில் வைத்திருக்கட்டும். ஆறு பேருக்கும் சேர்த்து ஒருவர் போனில் இருந்தால் போதாது, கவுன்ட்டரில் தனித்தனியாகத்தான் நிற்பீர்கள். கம்பெனி அடையாள அட்டை, முடிந்தால் விடுப்புக் கடிதம். செலவுப் பணம் அவர் பெயரிலும் கொஞ்சம் இருக்கட்டும். முக்கியமாக, எத்தனை நாள், எந்தப் பகுதியில் தங்குகிறோம், எங்கெல்லாம் போகிறோம் என்று அவருக்கே தெரிய வேண்டும். 'எனக்குத் தெரியாது சார், முன்னாடி போறவருக்குத்தான் தெரியும்' என்ற பதில்தான் ஆளை ஓரங்கட்டவைக்கும். தமிழிலேயே பதில் சொல்லலாம். மற்ற ஐந்து பேரும் அதே வரிசையில் பின்னாலேயே நில்லுங்கள். உங்கள் குழுவில் யாராவது 'அங்கே ஒரு இன்டர்வியூ இருக்கு, அப்படியே பார்த்துட்டு வர்றேன்' என்று கிளம்பினால், அவரை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

விசா பற்றி ஒரு வரி. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்று ஆரம்பித்து, 2024 ஜூலையில் 60 நாள் ஆக்கினார்கள். இது அடிக்கடி மாறும் சமாச்சாரம். கிளம்பும் முன் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆறு பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் பாக்கி இருக்கிறதா என்பதையும்.

அப்புறம், அங்கே போய் ஏமாறாமல் இருப்பது. பாங்காக்கில் நீங்களாகத் தேடிப் போகிற எதுவும் மலிவு. தானாக வந்து சிரித்துப் பேசுகிறவரிடம்தான் பர்ஸ் காலியாகும்.

நானே அப்படி ஏமாந்தவன், 2004இல், முதல் பயணத்தில். மூன்று நண்பர்களோடு பெரிய அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதில் ஓரமாக வெள்ளைச் சட்டை, கழுத்தில் லேமினேட் செய்த அட்டையோடு ஒருவர் குறுக்கே வந்தார். இன்றைக்குப் புத்த விசேஷம், மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார். எங்கள் வரைபடத்தை வாங்கி, பால்பாயின்ட் பேனாவால் மூன்று கோயில்களை வட்டம் போட்டார். கை தட்டினார், ஒரு டுக் டுக் வந்தது. மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட்! ஒரு கோயிலைப் பார்த்தோம். அடுத்து வண்டி ஒரு ரத்தினக் கடை வாசலில் நின்றது. ஏ.சி., சின்னக் கோப்பையில் டீ. பக்கத்து நாற்காலியில் கண்ணியமான ஒரு மனிதர், சிங்கப்பூர்க்காரராம், வருடா வருடம் இங்கேதான் நீலக்கல் வாங்குவாராம், இன்றைக்கு அரசாங்கம் வரி தள்ளுபடி கொடுத்திருக்கிறதாம். என் நண்பன் மனைவிக்கு ஒரு மோதிரம் வாங்கினான். ஊருக்கு வந்து ஆசாரியிடம் காட்டினோம். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, 'கல்லு நெஜம்தான் தம்பி, வெலதான்…' என்று இழுத்தார். அன்றைக்கு அரண்மனை காலையிலிருந்தே திறந்திருந்தது என்பது மாலை ஹோட்டலில் கேட்டபோதுதான் தெரிந்தது.

இத்தனை வருடம் ஆகியும் அந்த வெள்ளைச் சட்டை அங்கேதான் நிற்கிறது. அரண்மனை காலை 8.30க்குத் திறக்கும், மாலை 3.30 வரை உள்ளே விடுவார்கள். அரச சடங்குக்காக மூடும் நாட்களை அரண்மனையின் தளத்திலேயே போட்டுவிடுவார்கள். வெளியே யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்து போய்க் கேளுங்கள். வெளிநாட்டினருக்குத் தலைக்கு 500 பாட். அந்த 8,000 ரூபாயில் ஏறக்குறைய ஆறு பேருக்குமே டிக்கெட் வந்துவிடும். அரை டிராயர், கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு போகாதீர்கள் (பனியன் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது). அங்கிருந்து வாட் போ (வாட் என்றால் கோயில்) நடக்கும் தூரம்தான், 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். பக்கத்திலேயே தா தியன் படகுத்துறை. சில பாட் கொடுத்தால் படகு ஆற்றைத் தாண்டி வாட் அருண் வாசலில் இறக்கிவிடும். இதற்கெல்லாம் 'சிட்டி டூர்' பாக்கேஜ் எதற்கு?

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் 'டாக்ஸி, சார்' என்று கூடவே நடந்து வருவார்கள். நிற்காமல் கீழ்த்தளத்துக்குப் போங்கள். அங்கே இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் அதில் இருக்கும் எண்ணில் வண்டி நிற்கும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையத்துக்காக 50 பாட் கூடுதலாகக் கொடுப்பதும், விரைவுச்சாலைச் சுங்கத்தை நாம் கொடுப்பதும் நியாயமான கணக்கு, அதற்குச் சண்டை போடாதீர்கள். ஆறு பேர் பெட்டிகளோடு ஒரு காரில் அடங்கமாட்டீர்கள்; பெரிய வண்டிக்குத் தனி வரிசை உண்டு. பகலில் இறங்கினால் அடித்தளத்திலிருந்து ரயில் இருக்கிறது, கடைசி நிறுத்தமான பாயா தாய் வரை 45 பாட். அங்கேயே, நகருக்குள் மேம்பாலத்தில் ஓடும் வான்ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

பணம் எடுக்கும்போது கவனம். நம் ஊர் கார்டை அங்கே ஏ.டி.எம்.மில் போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட், சில வங்கியில் அதற்கும் மேல் பிடிப்பார்கள். ஆறு பேரும் தனித்தனியே ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் அதிலேயே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு போய்விடும். ஒருவர் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். திரையில், ரூபாயாக மாற்றிக் கழிக்கட்டுமா என்று கேட்கும். நம் பணத்தின் பெயரைப் பார்த்ததும் விரல் தானாக 'சரி' பக்கம் போகும். 'மாற்ற வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். மாற்றும் வேலையை உங்கள் வங்கி செய்துகொள்ளும், அதுதான் பெரும்பாலும் மலிவு.

நடுவில் ஒரு நாள் சீலோம் பக்கம் போனால் மாரியம்மன் கோயிலை எட்டிப் பாருங்கள், 19ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டியது. டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிப்பார். 'வாட் கேக்' என்று சொல்லுங்கள், நேராகக் கொண்டுபோய் விடுவார்.

இ-சிகரெட் யாரிடமாவது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், தாய்லாந்தில் அது தடை. ஏதாவது வம்பு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

திரும்பும் நாளில்தான் கடைசிப் பொறி. ஹோட்டலிலோ விமான நிலையத்திலோ தமிழ் பேசிக்கொண்டு ஒருவர் வருவார். லக்கேஜ் எடை கூடிவிட்டது, இந்தச் சாக்லெட் டப்பாவை மட்டும் எடுத்துப் போங்கள், சென்னையில் தம்பி வந்து வாங்கிக்கொள்வான் என்பார். ஏதாவது கையில் தருவதாகவும் சொல்வார். கடத்தல் சரக்கைச் சுமக்க ஆள், அதாவது 'குருவி', பிடிக்கிறவர்கள் அவர்கள். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் உயர்ரக கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. டப்பா யாருடையது என்று கஸ்டம்ஸில் கேட்பதில்லை, பெட்டி யாருடையது என்றுதான் கேட்பார்கள். ஆறு பேரும் அவரவர் பெட்டியை அவரவரே அடுக்கி, அவரவரே பூட்டி, கவுன்ட்டரில் போடும்வரை கையை விட்டு எடுக்காதீர்கள்.