சளியில் கிருமி உண்டு, காசநோய் இல்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை நோய் கிடையாது. நாள்பட்ட இருமலுக்காகச் சளியைப் பரிசோதித்தபோது கிருமி தெரிந்தது. சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனையோ காசநோய் இல்லை என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் காசநோய்க் கிருமியும், மண்ணிலும் குழாய்நீரிலும் வாழும் அதன் உறவுக்காரக் கிருமிகளும் ஒரே மாதிரியான சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். சிபிநாட்டோ காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டுமே தேடுகிறது. ஆகவே அம்மாவின் சளியில் தெரிந்தது அந்த உறவுக்காரக் கிருமியாக இருக்கலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறையாதவர்களையும், குறிப்பாக மெலிந்த, நடுவயது கடந்த பெண்களை, இந்த உறவுக்காரக் கிருமிகள் பற்றுவதுண்டு. வெவ்வேறு வேளைகளில் எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் கிருமி வளர்ந்து, அறிகுறிகளும் சிடி ஸ்கேனும் அதனோடு ஒத்துப்போனால்தான் நோய் என்று கொள்வார்கள். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் அது தண்ணீர் வழி வந்த மாசாகவும் இருக்கலாம். ஆகவே கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செய்து கிருமியின் இனத்தை அறியுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். உறவுக்காரக் கிருமிகளால் வரும் இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதால், பேரக்குழந்தைகளை அம்மாவிடமிருந்து பிரித்துவைக்க வேண்டியதில்லை.