கடலில் இறங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றுக்குச் சுற்றுலா போகிறோம். எல்லோருக்கும் நீச்சல் சுமாராகத்தான் தெரியும். அலை குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கினால் பயமில்லை என்கிறார்கள். சரிதானா?

பதில்: தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள். கரை நெடுக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், நீங்கள் ஒதுங்க வேண்டிய இடமே பெரும்பாலும் அதுதான். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாக அது கடலை நோக்கிப் பாயும். ரிப் கரண்ட் என்பது இந்த ஓட்டம்தான். அங்கே தரை ஆழமாக இருப்பதால் அலை உடைவதில்லை. ஆழம் தெரியாதவர் கண்ணுக்கு அது குளம்போலத் தெரிகிறது.

இறங்குவதற்கு முன் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். ஒரு பார்வை போதாது. பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுச் சற்று ஓயும். அந்தக் கூட்டம் வந்து போனதும்தான் இழுப்பு வலுக்கும். பக்கத்துத் தண்ணீரைவிட அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை, மணல் கலங்கிய பழுப்பு, கடலை நோக்கி நகரும் நுரையும் பாசியும் தெரிந்தால் அங்கே இழுப்பு இருக்கிறது. பாறை முனை, அலைத்தடுப்புச் சுவர், பாலத்தூண் ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் இது அடிக்கடி உருவாகும். அவற்றின் பக்கத்தில் குளிக்கவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள். இந்த ஓட்டம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடியதாகவும் அளந்திருக்கிறார்கள். நல்ல நீச்சல்காரரும் அதை எதிர்த்து முன்னேற முடியாது. அது உங்களைக் கீழே இழுத்து அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஆள் மூழ்குவது பதற்றத்தாலும் களைப்பாலும்தான். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், ஒரு கையை உயர்த்திக் குரல் கொடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை வெள்ளையாக உடையும் பக்கம் நீந்துங்கள். அந்தப் பக்கம் தண்ணீர் தடுத்தால் மறுபக்கம் திரும்புங்கள். இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு அலையோடு சாய்வாகக் கரைக்கு வரலாம்.

இன்னொன்று, இதை நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஒருவர் தத்தளிக்கும்போது இன்னொருவர் வெறுங்கையோடு குதித்து, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, மிதவை என எது கிடைத்தாலும் முதலில் அதை வீசுங்கள். ஒருவர் உயிர்காவலரிடம் ஓடட்டும். காவலர் உள்ள கடற்கரைகளில், மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருக்கும் பகுதிக்கு நடுவே மட்டும் குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. கொடியும் இல்லை, காவலரும் இல்லை என்றால் முழங்காலளவுத் தண்ணீரோடு நின்றுவிடுங்கள்.

கேள்வி: எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் தடவியும் தோல் சிவந்து உரிந்துவிட்டது. கிரீம் போலியா?

பதில்: அளவு போதவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். வெயிலில் கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும் அந்த 50 என்ற எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்துப் பெறுவது. நம்மில் பலர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏழு தேக்கரண்டி, அதாவது சுமார் 35 மில்லி வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, மார்பு வயிறுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகம் கழுத்து காதுக்கு ஒன்று. 50 மில்லி டியூப் இரண்டு முறைக்கே வராது என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்குப் போகும் 20 நிமிடம் முன்பே தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், துண்டால் துடைத்த ஒவ்வொரு முறையும் மறுபடி தடவ வேண்டும்.

ஸ்நார்கெல் செய்பவர்கள், அதாவது மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்திலிருந்தே கடலடியைப் பார்ப்பவர்கள், குப்புற மிதப்பதால் பிடரி, முதுகு, தொடை, முழங்கால் மடிப்பின் பின்புறம் எல்லாம் வெந்துபோகும். முழுக்கைச் சட்டையும் நீளமான நீச்சல் கால்சட்டையும் கிரீமைவிட நம்பகமானவை, கிரீம் செலவும் மிச்சம். மேகமூட்டத்தை நம்பாதீர்கள், மெல்லிய மேகம் புற ஊதாக்கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். வாங்கும்போது லேபிளையும் படியுங்கள். பவளத்துக்குக் கேடு என்பதால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்த கிரீம்களைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஹவாயில் 2021 முதல் அவற்றை விற்க முடியாது. தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களிலும் தடை உண்டு. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

கேள்வி: ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர் விட வேண்டும் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காத நச்சுச் செல்கள் ஏராளமாக இருக்கும். சிறுநீர், நல்ல தண்ணீர், மணலால் தேய்ப்பது என இவை எல்லாமே அவற்றை வெடிக்கத் தூண்டக்கூடும். வெப்பமண்டலக் கடலில் எது கொட்டியது என்று தெரியாதபோது, உயிருக்கே ஆபத்தான பெட்டி ஜெல்லி மீன் என்று வைத்துக்கொண்டு செயல்படுவதே பாதுகாப்பு. குறைந்தது 30 நொடி வினிகரைத் தாராளமாக ஊற்றி, பிறகு இடுக்கியால் இழைகளை எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். மூச்சு நின்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி மூச்சு ஊட்டும் முதலுதவி) தொடங்க வேண்டும்.

நீல நிறக் காற்றுப்பையும் நீண்ட வாலும் கொண்ட புளூபாட்டில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் வினிகர் வேண்டாம். கடல்நீரால் கழுவி, இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். முதலில் சூட்டைக் காயம்படாத தோலில் சோதித்துப் பாருங்கள். கரையில் காய்ந்து கிடக்கும் புளூபாட்டிலும் கொட்டும். குழந்தைகள் பலூன் என்று கையில் எடுத்துவிடுவார்கள், கவனம்.

கூம்பு வடிவச் சங்கு அழகாக இருக்கிறது என்று உயிரோடு எடுப்பதும் இதே வகை ஆபத்து. அதன் விஷ ஊசி கையுறையையும் துளைக்கும், மனிதரைக் கொன்றதும் உண்டு. ஆழமற்ற மணற்பகுதியில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும்.

கேள்வி: சீசன் இல்லாத மாதத்தில் கட்டணம் பாதிதான். போகலாமா?

பதில்: மழைக்குக் குடை பிடிக்கலாம், அலைக்குப் பிடிக்க முடியாது. அதனால் நாட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் கரையைப் பாருங்கள். தாய்லாந்தில் மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் கடல் கொந்தளிக்கும். எதிர்ப்பக்கமுள்ள சமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. இலங்கையில் தெற்கு, மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. கிழக்கே திரிகோணமலை, அறுகம்பை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். பிஜி, மொரீஷியஸ் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சீசன் இல்லாதபோது தீவுக்குப் போவதானால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைக்காதீர்கள். ஒரு நாள் படகு ஓடாவிட்டாலும் விமானம் போய்விடும்.

கேள்வி: கடல் வற்றும்போது மணல்திட்டில் நடந்து பக்கத்துத் தீவுக்குப் போகலாமாம். எப்போது திரும்ப வேண்டும்?

பதில்: அந்த இடத்தின் அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். முழு வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பி, நீர் ஏறத் தொடங்கும்போது இந்தக் கரையில் இருக்க வேண்டும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குப் பல இடங்களில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் நீர் சீராக ஏறாது. முதல் மணி நேரம் மெதுவாக ஏறி, நடு இரண்டு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். “இன்னும் கணுக்கால்தானே” என்று நிற்பவர்கள் மாட்டுவது அதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இன்னும் பெரிதாக இருக்கும். நேற்றைய நேரத்தையே இன்றும் நம்ப வேண்டாம், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கேள்வி: கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மாலையில் விமானம். திட்டம் சரியா?

பதில்: கூடாது. ஸ்கூபா என்பது காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குவது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறும் முன் விமானத்தில் அழுத்தம் குறைந்தால், அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. ஸ்கூபாவைப் பயணத்தின் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டு, கடைசி நாளில் ஸ்நார்கெல் வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தில் மிதப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.